டாலர் பதித்த ஹெல்மெட்

ஆண்டோ பைக் ரேசில் செத்து ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் பாப்பாரப்பட்டியில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். ரேஸ் பைக்கைக் கண்ணால் பார்க்காதவன்கூட ரேஸ் டிராக்கின் மூன்றாவது வளைவைப் பற்றிப் பேசினான். அங்கே வெறும் சிமெண்டுச் சுவராம், முன்னால் டயர் அடுக்கவில்லையாம், ஆம்புலன்சும் லேட்டாம். டிராக்காரர்களை எல்லோரும் திட்டும்போது ஆண்டோவின் அப்பா சவுரியப்பன் மட்டும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். துக்கம் என்று விட்டுவிட்டார்கள். துக்கம்தான். ஆனால் அதற்கடியில் இன்னொன்று கிடந்தது. அதைச் சொல்ல அவருக்கு ஆளில்லை.

அவர் இரும்பு கடையும் லேத்காரர், வீட்டை ஒட்டியே பட்டறை. போன வருஷம் மனைவி மிக்கேலம்மாள் சாகும்போது தன் கழுத்திலிருந்த அந்தோணியார் டாலரைக் கழற்றி மகனுக்குப் போட்டுவிட்டாள். ரேசிலோ சங்கிலி, மோதிரம் எதையும் போட விடமாட்டார்கள். அம்மாவின் டாலரை மகன் ஒவ்வொரு தடவையும் கழற்றி வைத்துவிட்டுப் போவதைப் பார்க்க அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மகன் ஊரில் இல்லாத ஒரு நாள், அவனுடைய ஹெல்மெட்டில் நெற்றிக்கு மேலாக இரண்டு பொடி ஓட்டை போட்டார். உள்ளே இருந்த தெர்மாகோலை டாலர் அளவுக்குச் சீவினார். ரிவெட் ஆணி அடித்து டாலரை உள்ளே பதித்துவிட்டார். ஆண்டோ வந்து அதைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தான். பிறகு, நன்றாக இருக்கிறது என்றான். அன்றைக்கு அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

விபத்துக்குப் பிறகு ஒரு பையில் திரும்பி வந்த ஹெல்மெட் சரியாக அந்த ஓட்டைகளின் வழியே பிளந்திருந்தது. ஓட்டை போட்ட இடத்தில்தான் விரிசல் விடும் என்று ஒரு லேத்காரனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இரும்பு என்றால் வருகிற புத்தி மகன் தலை என்றபோது வரவில்லை, அவ்வளவுதான். பையைப் பிரித்தவர் அவர் ஒருவரே. அப்படியே பட்டறைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மருமகள் ஸ்டெஃபி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பார்க்கத் தைரியமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார். அவள் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். ஒரு வீட்டில் இரண்டு பேர், பேச்சே கிடையாது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீடு திரும்பிய கையோடு லியோன் வந்தான். ஆண்டோவின் டீமில் பைக் ஓட்டுகிறவன், இதே ஊர். கையில் புது ஹெல்மெட், அடுத்த வாரம் ரேஸ். ஆண்டோ அண்ணன் ஞாபகமாக இருக்கட்டும், அதே மாதிரி தனக்கும் ஒரு டாலர் பதித்துத் தாருங்கள் என்று ஸ்டெஃபியின் முன்னாலேயே கேட்டான்.

டிரில் மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவன் பென்னாகரத்துக்கோ தருமபுரிக்கோ போய் வேறு எவனிடமாவது ஓட்டை போட்டுக்கொள்வான்.

"வேணாம் லியோன். ஓட்டை போட்டா ஹெல்மெட்டோட மேலோட்டுக்குப் பலம் போயிரும். ஆண்டோவுது நான் போட்ட ஓட்டையிலதான் பொளந்துச்சு. சொவத்த ஊரே திட்டுது. எம்மவன நாந்தான் கொன்னுட்டேன்."

லியோன் புது ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போய்விட்டான். சவுரியப்பன் பீரோவைத் திறந்து, பிளந்ததை எடுத்து வந்து மருமகள் முன்னால் வைத்தார். அவள் திட்டவேண்டும், நாலு பேர் கேட்கத் திட்டவேண்டும் என்று காத்திருந்தார். அப்போதாவது பாரம் குறையும்.

ஸ்டெஃபி அதைத் தொடவில்லை.

"அவருக்குத் தெரியுங்க மாமா. ஓட்டை போட்ட ஹெல்மெட்ட போடக்கூடாது, செக்கிங்ல பாத்தா தூக்கி எறிஞ்சிருவாங்கன்னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு. வேற வாங்கிக்கலாம்னு நான் சொன்னேன். அப்பா மனசு நொந்துரும்னுட்டாரு. ரிவெட்டு வெளிய தெரியாம ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புனது நாந்தாங்க. ஒரு மாசமா உங்க மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்றியிருக்க வேண்டும். அவரால் முடியவில்லை. ஒன்றும் தெரியாமல், சந்தோஷமாக அதைப் போட்டுக்கொண்டு போனான் பிள்ளை என்பது ஒன்றுதான் இந்த ஒரு மாதமும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.