எந்த ஓம்

...மணல் போகக் கூடாது, என்ன நடந்தாலும் இந்தக் குழிகளுக்குள் மணல் மட்டும் போகக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே மர்ளியா எஞ்சினை மூடியிருந்த பழைய சாரனை மெல்ல உரித்தாள், கற்பிட்டிக் காற்றுக்கு இதெல்லாம் சொன்னால் விளங்குமா, இந்த மாதத்தில் விடிய எழும்பினால் மாலை மஃரிபு வரைக்கும் நிற்காத காற்று, கதவிடுக்கால் வந்து சோற்றுக்குள்ளேயே மணலைப் போடுகிற காற்று, முற்றத்தில் திறந்து கிடக்கிற எஞ்சினை விட்டுவைக்குமா... ஆனாலும் சாரனுக்குக் கீழே எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது, நான்கு வட்டக் குழிகளும் நேற்று அவள் துடைத்துவைத்தபடியே எண்ணெய் மினுக்கத்தோடு கிடந்தன. பின்னால் சாமான் ஏற்றுகிற அந்தக் கெப் வண்டியின் முன்மூடியைத் தடி கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தாள், அது காற்றுக்கு ஆடி ஆடிச் சத்தம் போட்டது. முருங்கை மரத்தடியில் கதிரையில் இருந்த அவளுடைய புருஷன் ஸலாஹுதீன், அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கக் கழுத்தை நீட்டினார். "சுத்தமா இரிக்கி, பயப்பிடாதீங்க," என்றாள். "ஓம்," என்றார் அவர்.

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல் அது. நோன்புப் பெருநாள் கழிந்து சில நாளில், விடிய சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போன இடத்தில் விழுந்தவர்... வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சும் போயிற்று, ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது இந்த ஓம் மட்டும்தான் நாக்கில் இருந்தது. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, சொல்லத்தான் வராது, கோபம் அடிக்கடி வரும், இந்த நோய்க்கு அது இயல்பு, பொறுத்துப்போங்கள் என்றார்கள் கிளினிக்கில். பொறுத்துத்தான் போகிறாள். சில பேருக்குத் தூஷணம் மட்டும் மிஞ்சுமாம், பக்கத்துக் கட்டில்காரருடைய மனைவி சொன்னாள், வருகிற டொக்டரையெல்லாம் அவர் அப்படித்தான் ஏசினாராம், அதை நினைத்தால் ஓம் எவ்வளவோ மேல், அல்ஹம்துலில்லாஹ், கஞ்சி குடிக்கிறீங்களா, ஓம், வெயில் சுடுதா, ஓம், உள்ளுக்குப் போவமா, ஓம்... ஒரு வீட்டை நடத்த அது போதுமாகத்தான் இருந்தது, அப்படித்தான் அவள் இத்தனை மாதமும் நினைத்திருந்தாள்.

இந்தக் கெப்பை வாங்க வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னாள். முந்தலில் ஒரு இறால் பண்ணையில் ஓடித் தேய்ந்தது, கதவுக்குக் கீழே விரல் போகிற அளவுக்குத் துரு, இவ்வளவு மலிவாக ஒருவன் வாகனம் கொடுக்கிறான் என்றால் ஏன் என்று யோசிக்க வேண்டாமா, ஆனால் ஸலாஹுதீனுக்கு மலிவான பழைய சாமான் என்றால் கண் மின்னும், நான் தட்டி எடுப்பன் என்றார், முதல் முறை வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனபோதே பாலாவி தாண்டவில்லை, உப்பளத்துக்குப் பக்கத்தில் முன்னால் புகையா ஆவியா என்று தெரியாமல் வெள்ளையாக எழும்பிற்று. பண்ணைக்காரர்கள் ரேடியேட்டருக்கு உப்புத்தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே எல்லாம் அரித்துக் கிடந்திருக்கிறது, சூடேறி, எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதற்குக் கீழே இருக்கிற தகடு, கேஸ்கட் என்பது, எரிந்து, தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கி, எண்ணெயைத் திறந்து பார்த்தால் பால் தேத்தண்ணி மாதிரி. அவர் சிரித்தார். அதுதான் அவளுக்கு மறக்கவில்லை, நடுவீதியில் குந்தியிருந்து, கையெல்லாம் அந்தத் தேத்தண்ணி, பல் தெரியச் சிரித்தார். ஹெட்டைக் கழற்றிப் புத்தளத்தில் லேத்துக் கடையில் கொடுத்து நேராக்கி எடுத்துவந்து, புதுக் கேஸ்கட்டும் வாங்கிச் சுவர் ஆணியில் கொழுவினார், நாளைக்குப் பூட்டுவோம் என்றார், அடுத்த நாள்தான் அவர் விழுந்த அந்த சுபஹு.

பிறகு எல்லாரும் சொன்னது ஒன்றுதான், இரும்புக்குக் கொடுத்துவிடு. அவருடைய தம்பி முத்தலிபு ஆளும் பிடித்துவிட்டான். "மதினி, இது கெடந்து கெடந்து மண்ணாப் போற சாமான், நானாவுக்கும் பாக்கப் பாக்கக் கவலதானே," என்றான், நானா என்றது அண்ணனை, அவனும் கெட்டதுக்குச் சொல்லவில்லை. அவள் சரி என்று சொல்லத்தான் இருந்தாள். ஆனால் போன கிளினிக் நாள்... பாலாவிச் சந்தியில் பஸ் மாற வேண்டும், பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான், யாரோ இரண்டு பேர் நல்ல மனசோடுதான் வந்து அவரை முன்னும் பின்னும் பிடித்துத் தூக்கினார்கள், மூட்டை ஏற்றுகிற மாதிரி, பஸ் படியில் அவருடைய சாரன் அவிழ்ந்தது. அவள் பாய்ந்து பிடித்துக் கட்டிவிட்டாள், ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு புத்தளம் வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முத்தலிபுக்குப் போன் எடுத்து, இரும்புக்காரனை வர வேண்டாம் என்று சொல்லு, நான் பூட்டப் போறன் என்றாள். என்னத்தப் பூட்டப் போறீங்க என்றான். எஞ்சின, என்றாள்.

"புள்ள, இது உன்ட புருஷன விடப் பாரமா இரிக்கே," என்றாள் பக்கத்து வீட்டுக் கத்தரினா, ஹெட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. கருவாடு காயப்போட்ட கையோடு வந்திருந்தாள். புதுக் கேஸ்கட்டை மர்ளியா முன்னமே வைத்திருந்தாள், எந்தப் பக்கம் மேலே என்று ஸலாஹுதீனுக்குக் காட்டி, இதுதானே, ஓம், இதுதானே, ஓம், பிறகு தகட்டிலேயே எழுதியிருந்ததைப் பார்த்துத் தானே விளங்கிக்கொண்டாள். "அன்னம்மாத் தாயே," என்றாள் கத்தரினா, "பிஸ்மில்லாஹ்," என்றாள் மர்ளியா, ஹெட் போய் உட்கார்ந்தது. கத்தரினா முதுகைப் பிடித்துக்கொண்டு, காகம் கருவாட்டைத் தின்னப்போகுது என்று ஓடிவிட்டாள்.

இனி போல்ட்டுகள். கொழும்பிலிருந்து மகள் பஹ்மா போனுக்கு அனுப்பிய வீடியோவில் ஒருவன் உருது மாதிரி ஏதோ பாஷையில் கதைத்துக் கதைத்துப் பூட்டுகிறான், எத்தனை தரம் பார்த்தாள், கை போகிற போக்கைப் பார்த்தாளே தவிர எங்கே தொடங்கினான் என்று பார்த்தாளா... பாலாவி கராஜில் இரவல் வாங்கிய நீளமான ஸ்பானர், போதிய இறுக்கம் வந்ததும் டிக் என்று சொல்லும். தனக்குக் கிட்ட இருந்த ஓரத்துப் போல்ட்டில் தொடங்கினாள். "ஓம்," என்றார் அவர். சரியாகத்தான் செய்கிறோம் என்று ஒரு சந்தோஷம். பக்கத்துப் போல்ட். "ஓம். ஓம்." சத்தமாகச் சொன்னார், அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாருங்க, உங்கட பொஞ்சாதிக்கு இதுவும் வருது என்று சொல்லிக்கொண்டே ஸ்பானரை அடுத்ததில் மாட்டினாள், பொறுப்பில்லாமல் மனம் எங்கேயோ போனது, இது ஓடினால் தானே ஓட்டுவாள், பஹ்மா பிறக்க முன்னம் வெங்காயத் தோட்டத்து மண் ரோட்டில் அவர் பழக்கித் தந்தார், கியர் மாற்றத் தெரியும், அவரை முன்சீற்றில் இருத்திக் கதவைப் பூட்டினால் ஒருவரும் தூக்க வேண்டாம், ஒருவரும் வேறு பக்கம் பார்க்க வேண்டாம்... "ஓம் ஓம் ஓம்!" கதிரைக் கையில் இடக்கையால் படார் படார் என்று அடித்தார், மடியில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை மணலில் விழுந்து உருண்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர். வழக்கமான நோய்க் கோபம் என்று ஒரு கணம் நினைத்தாள், கோப்பையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அவர் கோப்பையைப் பார்க்கவில்லை. ஸ்பானரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லயா?" என்றாள் மெதுவாக. "பிழையா செய்றனா?" அவருடைய தோள் தளர்ந்தது. "ஓம்," என்றார், காற்று போகிற மாதிரி, இது வேறு ஓம். கதிரையை எஞ்சினுக்குக் கிட்ட இழுத்துவந்தாள், கதிரைக் கால்கள் மணலில் கோடு போட்டன. அவர் இடக்கையை நீட்டி, ஹெட்டின் நடுவில் இருந்த போல்ட்டின் மேல் விரலை வைத்தார். அங்கிருந்து ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஓ... நடுவிலிருந்து வெளியே, அப்போதுதான் தகடு சமமாக அமரும், ஓரத்தில் தொடங்கினால் நடு தூக்கும், சப்பாத்திக்கு மா தட்டுகிறபோதும் நடுவிலிருந்துதானே தட்டுகிறாள், ஏன் தோன்றவில்லை. இன்னும் முழுதாக இறுக்கவில்லை, நல்ல காலம். எல்லாவற்றையும் இளக்கி மறுபடி தொடங்கினாள். அவருடைய விரல் போன இடத்துக்கு அவளுடைய ஸ்பானர் போனது, டிக், ஓம், டிக், ஓம், நாக்கில் அந்தச் சொல் உருளுகிற விதத்தைக் கேட்டுக்கொண்டே முறுக்கினாள், ஒரு போல்ட்டுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார், உடனே கையை எடுத்தாள், ஸ்பானர் சரியாக இருக்கவில்லை, திருத்தினாள். எவ்வளவு லேசு. கேட்டால் கேட்கிறது. இது முன்னமே இருந்ததா, நான்தான் கேட்கவில்லையா...

மற்றப் பாகங்களைப் பால்மா டின்களில் வரிசையாகப் போட்டு வைத்திருந்தாள், ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டிக் காட்டிப் பூட்டி முடிக்கப் பின்னேரம் அஸருக்குக் கிட்ட வந்துவிட்டது. கெட்ட எண்ணெயை இறக்கிப் புதுசு ஊற்றினாள், ரேடியேட்டருக்கு உவர்ப்பான கிணற்றுத் தண்ணீர் ஊற்றவில்லை, பவுசர் லொறியில் வாங்கிய குடிதண்ணீரை ஊற்றினாள், குடிக்க இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முத்தலிபு தோட்டத்து டிராக்டரிலிருந்து பெட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு படலையைக் காலால் தள்ளி வந்தான். "மெய்யாவே பூட்டிட்டீங்களா?" என்று குனிந்து பார்த்தான், பிறகு ஸலாஹுதீனிடம், "நானா, மதினி இனி கராஜ் போடுவா போல," என்று சிரித்தான். ஸலாஹுதீன் சிரிக்கவில்லை. முத்தலிபின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரே ஸலாஹுதீனின் வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறான், தண்ணீர் பாய்ச்சிய ஈரமண் கணுக்கால் வரைக்கும் ஒட்டியிருந்தது. "வெங்காயம் நல்லாப் பிடிச்சிரிக்கி நானா," என்றான் அவன், அவர் பார்ப்பதைக் கண்டு. "ஓம்," என்றார் ஸலாஹுதீன். இடக்கை கதிரைக் கையில் ஒரு தரம் விழுந்தது, பலமாக அல்ல.

மர்ளியாவுக்குக் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. இந்த ஓமை அவளுக்குத் தெரியும். இன்றைக்குத்தான், காலையில், அந்த ஓரத்துப் போல்ட்டில் கேட்ட அதே ஓம். அதற்கு முன்னமும்... ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமை, தோட்டம் காய்ந்துபோகுதே, தம்பிக்குக் குத்தகைக்குக் குடுத்துருவமா என்று அவள் கட்டில் ஓரத்தில் இருந்து கேட்டாள், ஓம் என்றார், சரி என்று எழும்பினாள், பின்னால் ஓம் ஓம் என்று சத்தம் வந்தது, கட்டிலில் அடித்தார், சோற்றுக் கோப்பையைத் தட்டிவிட்டார், அவள் நிலத்தைத் துடைத்துக்கொண்டே, இது நோய்க் கோபம், பொறுத்துப் போகவேண்டும் என்று தனக்குத்தானே சொன்னாள், பொறுத்துப் போனதற்காக அன்றிரவு தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாகவும் நினைத்தாள். யா அல்லாஹ். அவர் வேண்டாம் என்று கத்தியிருக்கிறார். அல்லது இல்லையா, சோறு சுட்டதா, முதுகு நொந்ததா, அன்றைக்கு அவள் எங்கே முகத்தைப் பார்த்தாள், நிலத்தைத்தானே பார்த்தாள்...

"ஏறுங்க மதினி, ஸ்டார்ட் அடிச்சிப் பாப்பம்," என்றான் முத்தலிபு. பெட்டரியை மாட்டி, டீசல் குழாயின் நட்டை இளக்கி, உள்ளே இருந்த காற்றைக் கைப்பம்பால் இறைத்து வெளியேற்றிக்கொண்டிருந்தான். அவள் ஏறி இருந்தாள், சீற்றில் வெயில் ஏறியிருந்தது, சாவியைத் திருப்பினாள், எஞ்சின் கிழக் குரலில் இருமிச் சுற்றியது, நின்றது, மறுபடி, "இன்னொருக்கா, இன்னொருக்கா, டீசல் வருது," மறுபடி திருப்பினாள், ஒரு இழுப்பு, கறுப்புப் புகை, முழு வண்டியும் குலுங்கிற்று, பிடித்துக்கொண்டது. ஓடுகிறது. வேலிக்கு அப்பால் கத்தரினா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், முத்தலிபு முன்மூடியில் தட்டித் தட்டிச் சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான், ஆனால் அது முழுதாக வருவதற்குள்ளேயே கண் கதிரைக்குப் போனது. ஸலாஹுதீன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இஞ்சாருங்க," என்று கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள், கேட்டுவிட வேண்டும், இப்போதே, முத்தலிபு நின்றாலும் பரவாயில்லை, "தோட்டத்தக் குடுத்தது உங்களுக்கு விருப்பமில்லயா?" அவருடைய வாய் அசைந்தது. என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும். எந்த ஓம் என்றுதான் தெரியவில்லை, எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிற்று. நிறுத்தினால் மறுபடி பிடிக்குமோ என்னவோ, ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டுப் பிடித்த சத்தம். சாவியைத் திருப்பினாள்.

"ஏன் மதினி நிப்பாட்டின? கொஞ்சம் ஓட விடணும்..." என்று தொடங்கிய முத்தலிபு, அவளுடைய முகத்தைப் பார்த்து முன்மூடியிலிருந்து கையை எடுத்தான். அவனுடைய சிரிப்பும் போயிருந்தது, கேள்வி அவனுக்கும் கேட்டிருக்கும். அவள் இறங்கிப் போய்க் கதிரைக்கு முன்னால் மணலில் குந்தினாள். விருப்பமில்லையா என்று கேட்டாலும் ஓம்தான், விருப்பமா என்று கேட்டாலும் ஓம்தான், எப்படிக் கேட்பது என்றுகூட இத்தனை நாள் யோசிக்கவில்லையே. ஒன்றும் கேட்கவில்லை. கறுத்த எண்ணெய் பூசிய தன் கையைக் கதிரைக் கையில் கிடந்த அவருடைய இடக்கைக்குக் கிட்ட வைத்தாள், வைத்துவிட்டு, வாயைப் பார்க்காமல், காலையில் போல்ட்டைக் காட்டிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.