பொன்மணிக்குப் போட்ட மாலை

ஜொஹரா பீவி கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், போகப்போக உங்களுக்கு அந்தச் சந்தேகம் வரும். கெட்டவளாக இருந்திருந்தால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். இவளுக்கோ சோறும் இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரு படத்தில் தொங்கிய ஒரு மாலையால் வந்த வினை.

கொச்சி மட்டாஞ்சேரியில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு மிளகுக் கிட்டங்கிக்குப் பக்கத்தில் அவள் கடை. விற்பது போர்வைகள். பழைய பருத்திச் சேலைகளை அடுக்கடுக்காக வைத்து, மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, ஓரத்திலிருந்து ஓரம்வரை கையாலேயே நெருக்கித் தைத்த கனத்த போர்வைகள். வாசலில் குறுக்கே கயிறு கட்டி நாலைந்தைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பாள். மற்றவை உள்ளே பீரோவில் அந்துருண்டை போட்டு அடுக்கியிருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது விண்டேஜா?"

ஒரு காலத்தில் குஜராத்தில் கட்ச் பக்கத்திலிருந்து அசல் பழைய போர்வைகள் வந்தன. அவை தீர்ந்து ரொம்ப நாளாயிற்று. இப்போது தொங்குவதெல்லாம் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து பொன்மணி தைப்பது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் தங்கதுரையோடு பிழைக்க வந்தவள். அவன் கான்கிரீட் வேலைக்குப் போகிறான், மகள் ரோஜா பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிறாள். ஆக, சேலை பழசு, தையல் புதுசு. பாதியாவது உண்மைதானே என்று ஜொஹரா தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்வாள். தைத்து வந்ததை ஆறின சாயாத் தண்ணீரில் ஊறப்போட்டு மொட்டைமாடியில் காயவைத்தால், மீதிப் பாதிக்கும் வயசு கூடிவிடும்.

பொன்மணியின் படத்தைக் கடையில் மாட்டியது என்னவோ நல்ல எண்ணத்தில்தான். கைத்தையல் என்று சொன்னால் பாதிப் பேர் நம்பவில்லை. அதனால் ஜொஹராவின் புருஷன் பரீத், மடியில் போர்வையும் கையில் ஊசியுமாகப் பொன்மணி உட்கார்ந்திருப்பதை மொபைலில் எடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கீழே அவள் பெயரையும் எழுதி மாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். மழைக்காலத்தில் கடை முழுக்கப் பூஞ்சை வாடை அடிக்கிறதென்று எங்கிருந்தோ ஒரு சந்தனச் சீவல் மாலை வாங்கிவந்தார். தொங்கவிட ஆணி தேடியவர் கண்ணில் பொன்மணி படத்து ஆணிதான் பட்டது. அவர்கள் வீட்டில் இறந்தவர் படத்தை மாட்டி மாலை போடும் வழக்கமே கிடையாது. மனுஷனுக்கு அது வாசனைக்கு ஒரு அலங்காரம், அவ்வளவுதான். மாட்டிவிட்டு சாயா குடிக்கப் போய்விட்டார்.

ஜொஹரா அதைக் கவனிப்பதற்குள் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி உள்ளே நுழைந்துவிட்டார்கள். திரிபுரசுந்தரி என்று அந்த அம்மாள் பெயர், பில் போடும்போது தெரிந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டே போர்வைகளைப் புரட்டியவள், நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். முகம் அப்படியே மாறிப்போயிற்று.

"இவங்க தைச்சதா? ஐயோ பாவம், சின்ன வயசாத் தெரியறதே. எப்போ தவறினாங்க?"

ஜொஹரா திரும்பிப் பார்த்தாள். மாலை தொங்கிக்கொண்டிருந்தது. படுபாவி மனுஷா என்று மனசுக்குள் பரீதைத் திட்டினாள். இல்லம்மா, அவ நல்லாத்தான் இருக்கா, பக்கத்துலதான் குடியிருக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தியமாகத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள் போர்வையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏன்னா, இதையே எடுத்துக்கலாம், பேரமெல்லாம் பேசாதேங்கோ" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

"போன மழையில," என்றாள் ஜொஹரா.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாலை ஆணியிலேயே இருந்தது. இறந்தவள் கையால் தைத்தது, இனி வராது, இதுதான் கடைசி என்று ஒவ்வொரு கடைசிப் போர்வையும் போக, அடுத்த கடைசிப் போர்வை கயிற்றில் ஏறியது. எப்படிச் செத்தாள் என்று கேட்டவர்களுக்கு ஒரு நாள் நெஞ்சுவலி, ஒரு நாள் காய்ச்சல். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரியிடம் தோணி கவிழ்ந்துவிட்டது என்றுகூடச் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு உள்ளே போய் "யா அல்லாஹ், என்னை மன்னிச்சிரு" என்பாள். மறுபடி வந்து ரசீது போடுவாள்.

"நீ சும்மா இரி. போட்டோவுக்குத்தானே போட்டது, ஆளுக்கா போட்டோம்?" என்பார் பரீத். அவருக்கென்ன, ஸ்கூட்டரில் போய்ப் போர்வையை வாங்கி வருவதோடு அவர் வேலை முடிந்தது. போன் வருவது இவளுக்கல்லவா.

"இத்தா, முட்டுவலி எப்படி இருக்கு? கப்பைக்கிழங்கும் மீன்கறியும் இக்காகிட்ட குடுத்து விட்டிருக்கேன், சூடாச் சாப்பிடுங்க," என்பாள் பொன்மணி. மட்டாஞ்சேரிக்காரர்கள் போலவே அக்கா அண்ணன் முறைக்கு இத்தா, இக்கா என்று வாய்நிறையக் கூப்பிடுவாள். அடுத்து ஒன்று கேட்பாள், அதற்குத்தான் ஜொஹராவுக்குப் பயம். "நான் தைச்சது கடையில தொங்குறத ஒரு தடவ பாக்கணும் இத்தா. ரோஜாவையும் கூட்டிட்டு வரட்டா?"

ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கடைக்கு வெள்ளையடிக்கிறோம், நாளைக்கு நான் இருக்க மாட்டேன். ஜொஹரா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தட்டிக்கழித்தாள். பொன்மணி வந்து பார்த்துவிட்டால் ஊசியை மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போய்விடுவாள். எத்தனை கடைக்காரர்கள் அவளைக் கொத்திக்கொண்டு போகக் காத்திருக்கிறார்களோ. அவள் போனால் கடை படுத்துவிடும். கடையைக்கூட விட்டுத்தள்ளலாம், அப்புறம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? உயிரோடு நடமாடுகிறவளைக் கொன்று கொன்று விற்றுவிட்டு, அவள் கொடுத்தனுப்பிய கப்பையைத் தின்கிறோமே என்று நினைத்துத் தட்டைத் தள்ளிவிடுவாள்.

ஒரு தடவை கழற்றியும் வைத்தாள். பொய் சொல்லக்கூடாது. மாலையைக் கழற்றிப் பீரோவுக்குள் பூட்டிவிட்டு, கேட்டவர்களிடம் "இருக்கா, பக்கத்துலதான் இருக்கா" என்று சொல்லிப் பார்த்தாள். அப்படியா என்று சிரித்துவிட்டு, போர்வையைக் கயிற்றிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கிறிஸ்துமஸ் சீசன் வந்தது. தெரு முழுக்க ஆள். ஜொஹரா பீரோவைத் திறந்தாள்.

பொன்மணி வந்தது புது வருஷம் பிறந்த பிறகு ஒரு பகல் வேளையில். பரீதின் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. தைத்து முடித்த போர்வையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, அப்படியே கடையையும் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறிவிட்டாள். நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். முதலில் வாசலில் நின்று கயிற்றில் தொங்கியதை எல்லாம் அண்ணாந்து பார்த்திருக்கிறாள். ஜொஹராவுக்கு அது தெரியாது. அவள் உள்ளே அதிதி என்று பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், கையைக் கட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில், "பாவம், இந்தப் போர்வையை முடிச்ச கையோட போயிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதிதியின் பார்வை படத்திலிருந்து வாசலுக்குப் போய் அங்கேயே நின்றது. "நீங்க... அப்படியே அவங்க மாதிரியே இருக்கீங்களே," என்றாள்.

ஜொஹரா திரும்பினாள். பொன்மணி படத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். அதிதியின் கையில் இருந்த போர்வையைப் பார்த்தாள். கடைசியாக ஜொஹராவைப் பார்த்தாள். என்னமும் சொல்லு, தெருவே கூடும்படி ஏசு என்று ஜொஹராவின் மனசு கெஞ்சியது.

"எங்க அக்கா," என்றாள் பொன்மணி. "கூடப் பிறந்தவ."

"அய்யோ, ஸாரி. உங்க பேரு?"

"மூக்கம்மா."

அதிதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்க அக்காவை நான் பத்திரமா வச்சுக்குவேன் என்று சொன்னபோது கண் கலங்கியிருந்தது. பொன்மணி தலையாட்டினாள். போர்வையை அவளே வாங்கி மடித்து, மூலைக்கு மூலை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பையில் போட்டுக் கொடுத்தாள். அவள் மடிப்பதைப் பார்க்கமுடியாமல் ஜொஹரா பில் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அந்தப் பெண் போனாள். ஜொஹரா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். பெரிய மனுஷி மாதிரி அழவில்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

"அவரு விவரம் தெரியாம மாலையை மாட்டிட்டாரு பொன்மணி, ஆனா நான் தெரிஞ்சேதான் விட்டேன். என்னை நல்லா ஏசு. நீ ஏசினாத்தான் எனக்கு ஆறும்."

"ஏசிட்டு நாளைக்கு நான் எங்க போறது இத்தா?" என்றாள் பொன்மணி.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கோபமே இல்லை, மெய்யாகவே கேட்டாள். தங்கதுரைக்கு வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இவளுக்கோ மலையாளத்தில் ஒரு போர்டு வாசிக்கத் தெரியாது. இன்னொரு கடைப்படி ஏறி எப்படிக் கேட்பது என்றும் தெரியாது. இத்தனை மாசமும் இவள் போய்விடுவாளே, போய்விடுவாளே என்று தான் பயந்து செத்தது வெறும் வீண் என்று ஜொஹராவுக்கு இப்போதுதான் உறைத்தது. இவள் எங்கும் போகமாட்டாள். போக இடமில்லாதவளைத்தான் பிடித்து மாலை போட்டிருக்கிறோம். அது ஜொஹராவுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

பொன்மணி கொண்டுவந்த போர்வையை மேசைமேல் வைத்தாள். தைக்கக் கட்டி வைத்திருந்த பழஞ்சேலை மூட்டையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். படத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் செய்ங்க இத்தா. எங்க ரோஜா இந்தப் பக்கம் வாரதா இருந்தா, நான் முன்கூட்டியே போன் பண்ணிருதேன். அன்னைக்கு மட்டும் கழட்டி வச்சிருங்க. பிள்ள பயந்துரும்."

"இப்பவே கழட்டுறேன். இனி ஒரு நாளும் போடமாட்டேன்," என்று ஜொஹரா விசுக்கென்று எழுந்து, அதே ஸ்டூலை இழுத்துப்போட்டு, முட்டுவலியைப் பார்க்காமல் ஏறினாள். எட்டி மாலையைப் பிடித்தாள். அது ஒரு பக்கமாகச் சரிந்தது.

"இப்ப வேண்டாம்," என்றாள் பொன்மணி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "வெளிய ரெண்டு பேர் போர்வையத் தொட்டுப் பாத்துக்கிட்டு நிக்காங்க. நான் இப்படி ஓரமாப் போயிருதேன்."

முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டு, முகம் தெரியாதபடி சுவரைப் பார்த்தமாதிரியே தெருவில் இறங்கி நடந்தாள். அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கிய அந்த இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். ஜொஹரா மாலையை நேராக்கிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.