ஆண்டாளம்மாள் மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி

...கட்டி என்றுதானே சொன்னார், இரண்டு தரம் சொன்னார், ஒருதரம் ஆங்கிலத்தில், ஒருதரம் நமக்காகக் கீழே இறங்கிவந்து தமிழில்... காஞ்சிபுரத்து எலும்பு டாக்டர், ரைஸ்மில் முதலாளி கார் அனுப்பி வரவழைத்தவர், எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிற்கிறார், மணிக்கட்டு ஓரத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி, அதற்கு அவர் வைத்த பெயர் இங்கிருந்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீளும். பழைய வியாதியாம், எலும்பை அரித்துவிட்டதாம், மில்லில் நெல் அவிக்கும் தொட்டிமேலிருந்து ஆண்டாளம்மாள் விழுந்ததற்கும் கை ஒடிந்ததற்கும் சம்பந்தமே இல்லையாம், ஆக மில் நஷ்டஈடு தர வேண்டியதில்லை... முதலாளி துக்கமாகத் தலையாட்டுகிறார், வாய் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிறது. நான் என்ன செய்ய? இந்தக் கிளினிக்கில் அடிபட்ட தொழிலாளிகளின் நஷ்டஈட்டுத் திட்டத்தைப் பார்த்துக்கொள்பவன் நான், முஸ்தபா, புரோகிராம் மேனேஜர் என்று போர்டுகூட உண்டு, போர்டு மேஜையைவிடப் பெரிது... கடையில் உட்காருடா என்று அத்தா சொன்னபோதே கேட்டிருந்தால் இந்நேரம் சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவே நிம்மதியாக... ஆண்டாளம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் கிடத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "பாய், கட்டின்னா செத்துப் பூடுவனா?" நஷ்டஈட்டைப் பற்றி அவள் கேட்கவே இல்லை, இந்தக் கையோடு அவள் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று நான்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"டவுட்டா இருக்கா மேனேஜர்? நல்ல எலும்பு எப்படி இருக்கும்னு காட்டறேன்" என்று டாக்டர் கடிகாரத்தைக் கழற்றித் தன் கையையே மிஷினுக்கு அடியில் நீட்டினார், பாடம் நடத்தும் ஆசை யாரை விட்டது... படம் ஈரத்தோடு வந்தது, நல்ல கை, லட்சணமான கை, மணிக்கட்டு ஓரத்தில் அதே வெள்ளைப் புள்ளி. "அய்ய, சாருக்கும் கீதே!" ஆண்டாளம்மாள்தான், நிஜமான கவலையோடு, "எப்போலேர்ந்து கீது சார்?" டாக்டர் தன் மணிக்கட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார், முகம் வெளிறிவிட்டது, முதலாளி அவரைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார், தொத்துமோ என்னவோ! எக்ஸ்ரே எடுக்கும் சுப்பிரமணி கைக்கு அடியில் வைக்கும் பிலிம் பெட்டியைத் திருப்பினான், மேல்மூடியில் செந்தூரப் பொட்டு, போன வாரம் ஆயுத பூஜைக்கு வைத்தது, கெட்டியாக, பக்தியாக... "இன்னாப்பா இது?" "சாமி பொட்டு பாய், எப்டி தொடைக்கறது? தானா உதுரட்டும்னு வுட்டுட்டேன்." ஈயச் செந்தூரத்தை ஊடுருவ எக்ஸ்ரேவுக்கும் தைரியமில்லை போலிருக்கிறது, படத்துக்குப் படம் வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கிறது... எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, இருமலாக மாற்றினேன், மாறவில்லை.

சுப்பிரமணி கன்னத்தில் போட்டுக்கொண்டு பொட்டைத் துடைத்தான், மறுபடி படம் எடுத்தான், புள்ளியைக் காணோம், முறிவு மட்டும் பளிச்சென்று, புத்தம்புதிதாக. விழுந்ததால் ஏற்பட்டதுதான் என்று டாக்டர் எழுதினார், வாயால் சொல்லவில்லை, எந்த மொழியிலும். "நல்லாவே ஒடிஞ்சிருக்கு ஆண்டாளம்மா!" என்று நான் கத்தியேவிட்டேன், சுப்பிரமணி கைதட்டினான், "அப்பாடா, நல்ல வார்த்த சொன்னே பாய்" என்று அவளும் சிரித்தாள், சிரித்த வேகத்தில் கை அசைந்து "ஸ்ஸ்" என்று முகம் சுளித்தாள்... சிரிப்பு மட்டும் நிற்கவில்லை, அவளுக்கும், எனக்கும்... என்ன சந்தோஷம் இது, ஒருத்தியின் எலும்பு ஒடிந்தது உறுதியானதற்கு நோன்புப் பெருநாள் மாதிரி... நாளைக்கு இன்னொருவன் காலைத் தாங்கித் தாங்கி வருவானே, வாசலிலேயே அவனைப் பார்த்து என் மனசு என்ன துஆ கேட்கும், ஒன்றுமாகியிருக்கக் கூடாது என்றா, நன்றாகவே ஒடிந்திருக்க வேண்டுமே என்றா?