சுவிட்சுக்குக் காவல்

அப்பா இறந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தபோது, அவள் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து ஒரு சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். 'ரன் அவுட் ஆஃப் - தீர்ந்துபோவது.' டேப் போட்டால் விழுந்துவிடுகிறதென்று கோந்து தடவி ஒட்டியது. கரண்டிக் காம்பால் எவ்வளவு சுரண்டியும் 'தீர்ந்து' மட்டும்தான் வந்தது. 'போவது' அப்படியே இருந்தது.

காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பியாயிற்று. அம்மா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பாவின் தங்கை மட்டும் சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்து, அவள் சுரண்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதை ஏண்டி பிய்க்கிற? இந்தத் தடவையும் பரீட்சை ஊத்திக்கிச்சுன்னா மறுபடி ஒட்டணுமே."

அவள் கரண்டியோடு நகர்ந்தாள். கண்ணாடியில் இருந்த 'டிரெஸ் அப்' வந்துவிட்டது. வாசற்கதவில் இருந்த 'ஷோ அப்' பாதி கிழிந்து வந்தது. காலண்டரில் ஒட்டியிருந்த 'புட் ஆஃப்' சீட்டை மட்டும் அவளுக்கு முன்னால் யாரோ கிழித்திருந்தார்கள். இழுத்த வேகத்தில் அடியிலிருந்த மாதத்தாளும் கிழிந்து, சுவரின் பச்சை தெரிந்தது. யார் கிழித்தால் என்ன, ஒரு வேலை மிச்சம் என்று அடுத்ததற்குப் போனாள்.

அத்தை, எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மாவிடம் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். "அப்பன் மூச்சு அடங்குற நேரத்துல உக்காந்து பரீட்சை எழுதியிருக்கா பாருங்க. எனக்கெல்லாம் பேனா பிடிக்கக் கை வராது."

"அவளுக்குத் தெரியாது அத்தை" என்று வாசலிலிருந்து அண்ணன் சொன்னான். நேற்றிலிருந்து அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் இப்படி ஒற்றை வரிகள்தான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "டாக்டர் ஒண்ணும் சொல்லல. திடீர்னு ஆயிடுச்சு."

அவனை வீட்டில் எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் அதுவல்ல. பத்து வயதில் வீட்டுக்கு வந்த தபால்காரரிடம் 'தேங்க் யூ வெரி மச்' என்று சொன்னதற்கு அப்பா வைத்த பட்டம். இப்போது தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களை விற்கிறான். வீட்டில் யாருக்காவது ஆங்கிலத்தில் ஒரு கடிதமோ போனோ வந்தால் துரையிடம் கொடுப்பார்கள். அவனும் எழுந்து நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "யெஸ், யெஸ், நோ ப்ராப்ளம்" என்பான். போனை வைத்தபிறகு என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்பான்.

பரீட்சையும் அவன் யோசனைதான். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். இதே வேலைக்கு வெளிநாட்டில் ஐந்து மடங்கு சம்பளம், ஆங்கிலப் பரீட்சை மட்டும் தேறினால் போதும் என்று அவன்தான் கொண்டுவந்து போட்டான். இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் ஃப்ரேசல் வெர்ப் காலை வாரிவிட்டது. லுக், கிவ், புட், டேக் என்று ஒன்றாம் வகுப்புச் சொற்கள். பின்னால் ஒரு அப், ஒரு ஆஃப், ஒரு அவுட் வந்து ஒட்டிக்கொண்டதும் சம்பந்தமே இல்லாத ஒரு பொருள்.

"மூணாவது தடவையும் கோட்டை விட்டேன்னா என்னால வெளியில தலை காட்ட முடியாது பாப்பா" என்றிருந்தான் துரை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு இந்தச் சீட்டுகளைப் பார்த்தாலே சிரிப்பு.

"நம்ம லிஃப்ட்ல ரெண்டே பட்டன். மேல, கீழ. இவன் என்னடான்னா ஒரு டப்பாவுக்கு இருபது பட்டன் வச்சிருக்கான்."

ஆனால் சிரித்துவிட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பார். பரீட்சைக்கு முந்தின நாள் மாலைகூட, வார்டில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கேட்டார்.

"கிவ் அப்?"

"விட்டுடறது."

"கிவ் இன்?"

"விட்டுக்குடுக்கறது."

"பாத்தியா. நம்மகிட்டயும் இருக்கு. விட்டுடு, விட்டுக்குடு, விட்டுப்போ, விட்டுப்பிடி. இதுக்கு எவனாவது நமக்குப் பரீட்சை வச்சானா?" சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. "நாளைக்கு முடிச்சுட்டு நேரா இங்க வா. என்ன கேட்டான்னு சொல்லு."

மறுநாள் ஒன்றரை மணிக்குப் பரீட்சை முடிந்து வெளியே வந்து, வாசலில் வாங்கி வைத்திருந்த போனைத் திரும்பப் பெற்று, அதை ஆன் செய்தாள். துரையின் செய்தி ஒன்று மட்டும் இருந்தது. 'நேரா ஆஸ்பத்திரிக்கு வா.' அப்பாவே வரச் சொல்லியிருந்ததால் அதில் அவளுக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. போகும் வழியில் அவருக்காக நான்கு கேள்விகளை மறக்காமல் மனத்தில் சொல்லிக்கொண்டே போனாள்.

சீட்டுகளில் கடைசியைச் சுரண்டும்போது போன் அடித்தது. வார்டு நர்ஸ். அப்பாவின் கண்ணாடியும் ஃபிளாஸ்க்கும் அலமாரியிலேயே இருக்கின்றன, ஷிஃப்ட் முடிவதற்குள் வந்தால் கையில் கொடுத்துவிடுவேன் என்றாள். கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு அவள் கிளம்பினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வார்டில் அந்தக் கட்டிலில் இன்னொருவர் படுத்திருந்தார். அதே ஆக்சிஜன் இயந்திரம் அவருக்காக முனகிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒரு பையை நீட்டினாள். அவளுக்கும் இவள் வயதுதான் இருக்கும் போலிருந்தது.

"நீங்கதான் பரீட்சைக்குப் போன பொண்ணா? உங்கப்பா உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"எப்ப?"

"நேத்து காலையிலதான். ஆறரை மணியிலிருந்தே. வந்தாச்சா, வந்தாச்சான்னு. பதினோரு மணி வரைக்கும் நல்லா நினைவு இருந்துச்சு."

அவள் பையின் வாரைப் பிடித்தபடி நின்றாள்.

"டாக்டர் திடீர்னு ஆயிடுச்சுன்னு சொன்னதா…"

"திடீர்னா?" நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஏழரை ரவுண்ட்ஸ்லயே டாக்டர் சொல்லிட்டாரே. அவருக்கு நம்ம பாஷை வராது. உங்கண்ணன்கிட்ட இங்கிலீஷ்ல பேசினாரு. வெளியில வந்து என்கிட்ட, பொண்ணை வரவழைக்கச் சொல்லியிருக்கேன், அவரும் ஒத்துக்கிட்டாரு, வந்தா பார்வை நேரம் இல்லேன்னாலும் உள்ள விடுன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் உங்களை எதிர்பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அண்ணன் அப்புறம் என்ன பண்ணாரு?"

நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அவரு அந்த மிஷினை விட்டு நகரவே இல்ல. பிளக் லூசா இருக்குன்னு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. நாங்க டேப் போட்டுத் தர்றோம்னாலும் கேக்கல. பக்கத்துக் கட்டில்காரங்க போன் சார்ஜ் போட வந்தாங்க, கையைத் தட்டி விட்டுட்டாரு. பெரிய சண்டை. அத்தனை நேரமும் டீ குடிக்கக்கூடப் போகல, பாவம்."

'பாவம்' என்ற சொல் அவள் காதில் நிற்கவில்லை. ஏழரை என்பது மட்டும் நின்றது.

வீட்டுக்கு நடந்தே வந்தாள். ஏழரைக்கு அவள் பேருந்தில் இருந்தாள். எட்டு முதல் ஒன்பது வரை பரீட்சைக் கூடத்தின் வாசலில், ஒரு வேலிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, 'லுக் டவுன் ஆன், லுக் அப் டு' என்று நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி இருபது நிமிடம். எட்டே முக்காலுக்குத் துரைக்குச் செய்தி அனுப்பினாள்: 'அப்பா எப்படி இருக்கார்?' பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. மேல்நோக்கி நிமிர்ந்த மஞ்சள் கட்டைவிரல். அதைப் பார்த்துத்தான் நிம்மதியாகப் போனை அணைத்து வாசலில் கொடுத்தாள். உள்ளே போய்க் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வீடு மாற்றும் கதையைக் கேட்டுக் கோடிட்ட இடங்களை நிரப்பினாள். அங்கே ஒருவர் வந்தாச்சா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாலையில் எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள். தான் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வருகிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுக்ககத்தின் கீழே துரை வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிட்டுக் கைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். அத்தையை அனுப்பிவிட்டானாம். "எங்க போயிருந்த? அம்மா தேடுறாங்க" என்றான். அவள் பேசாமல் லிஃப்டுக்குள் போனாள். அவனும் வந்தான்.

பழைய லிஃப்ட், கம்பிக் கதவு. அப்பா கைவைத்துக் கைவைத்தே இத்தனை வருடம் ஓடியது. ஓடும்போது உள்கதவை ஒரு விரற்கடை இழுத்தாலும் நின்றுவிடும். சிறுவயதில் இரண்டு பேரும் அப்படி நிறுத்தி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறார்கள்.

இரண்டாவது மாடியைத் தாண்டியதும் அவள் கதவை இழுத்தாள். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன்னால் வெறும் சிமென்ட் சுவர்.

"என்ன பண்ற? கதவை மூடு பாப்பா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"நேத்து ஏழரைக்கு. உன்கிட்ட. இங்கிலீஷ்ல."

அவன் பையைப் பார்த்தான். ஃபிளாஸ்க்கின் மூடி வெளியே தெரிந்தது.

"ஒண்ணும் சொல்லல. எத்தனை தடவை கேப்பீங்க எல்லாரும்? கதவை மூடு."

"என்னைக் கூப்பிடச் சொன்னாரு. நீ சரின்னு தலையாட்டியிருக்க. நர்ஸ் எனக்காக வாசல்லயே கண்ணை வச்சிருந்திருக்கா."

"பாப்பா, மெதுவா பேசு. மேல கேக்கும்."

"கேக்கட்டும். அத்தையும் இருந்து கேட்டிருக்கணும். என்னைப் பேனா பிடிச்ச கைன்னு சொன்னப்ப நீ வாசல்ல நின்னு வேடிக்கை பாத்த இல்ல? உனக்கு என்ன? தங்கச்சி வெளிநாட்டுல இருக்கான்னு மிஷின் விக்கப் போற வீட்டுலெல்லாம் சொல்லணும். துரை இல்ல நீ? துரை தங்கச்சி மூணு தடவை ஃபெயிலாகலாமா? அதுக்காக அவரை என்கிட்டேர்ந்து மறைச்ச."

"மறைக்கல."

"அப்ப அந்தக் கட்டைவிரல் என்ன? அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டேன். அவரு பக்கத்துல படுத்து என் பேரைச் சொல்லிக்கிட்டு இருக்காரு, நீ எனக்குக் கட்டைவிரலைக் காட்டுற."

"ஒரு கைதான் ஃப்ரீயா இருந்துச்சு" என்றான் அவன்.

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை அதற்கு வரவில்லை.

"பேசாத. இந்த மாதிரி பேசாத. என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு. எனக்கு இங்கிலீஷ் புரியும். நீங்க எல்லாரும் சேர்ந்து புரிய வச்சிருக்கீங்க."

கீழே யாரோ பொத்தானை அமுக்கினார்கள். மணி அடித்தது. இருவரும் அசையவில்லை. துரை தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். ஆங்கிலம் பேசும்போது வரும் அந்தக் குரல் இல்லை.

"வேகமா பேசினாரு. அப்பா பொண்ணைக் கேக்கறாருன்னாரு. அது புரிஞ்சுது. பரீட்சை, மத்தியானம் வந்துடுவான்னேன். அவரு மிஷின் மேல கையை வச்சுக்கிட்டு என் முகத்தைப் பாத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. டோன்ட் புட் இட் ஆஃப்."

அவள் கதவை இன்னும் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"நோ டாக்டர், ஐ வோன்ட்னு சொன்னேன். அவரு என் தோள்ல தட்டிட்டுப் போனாரு." மூச்சை இழுத்தான். "நம்ம வீட்டுல லைட்டை அணைக்கறதுக்கு என்ன சொல்லுவோம்? புட் ஆஃப் த லைட். சின்ன வயசுலேர்ந்து அதானே. நேத்து ராத்திரி காலண்டர்ல தேதி பாக்கப் போனேன். உன் கையெழுத்து. தள்ளிப்போடறதுன்னு போட்டிருந்த."

மணி மறுபடி அடித்தது.

"சுவிட்சை ஆஃப் பண்ணிடாதேன்னு சொல்றாருன்னு நினைச்சேன், பாப்பா."

அவன் வலது கை லிஃப்டின் சுவரில், பொத்தான்களுக்குச் சற்றுத் தள்ளி, வெறும் தகரத்தில் கட்டைவிரலை அழுத்தியபடி இருந்தது. அழுத்திய இடத்தில் நகம் வெளுத்திருந்தது.