வேர்க்கடலை தின்னும் ரசிகர்

அந்த ஆள் இன்றைக்கும் வந்திருந்தார்.

மைக்கைப் பிடித்ததும் சிவகுமார் முதலில் தேடியதே அவரைத்தான். காலேஜ் அரங்கின் கடைசி வரிசை, கதவை ஒட்டிய நாற்காலி. சாம்பல் நிறத்தில் கையில்லாத ஸ்வெட்டர், மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். சுற்றிலும் கறுப்பு டீ-ஷர்ட் பையன்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டிருக்க, ஐம்பது வயது மனிதர் ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தால் கண்ணில் படாமல் போகுமா? மூன்றாவது பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவார். எந்த நிகழ்ச்சியானாலும் அப்படித்தான்.

சிவகுமாரின் குழுவுக்கு 'டைப் டூ' என்று பெயர். சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் சின்னதாக ஒரு ரகம் உண்டு, அதன் பெயர். கரோல் பாக்கில் கிட்டார்காரன் ஹர்ப்ரீத்தின் அப்பாவுக்கு மோட்டார் பாகங்கள் விற்கும் கடை. கடைக்கு அடியில் இருந்த கிடங்கில், சைலன்சர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஆரம்பித்தார்கள். கிட்டாரும் டிரம்ஸும் இடித்துத் தள்ள, அதற்கு மேலே சிவகுமார் ஹிந்தியும் தமிழுமாக மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுவான். டேப்பில் பதிந்த பாட்டுகள் கைமாறிக் கைமாறி ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போயின. பிறகு காலேஜ் விழாக்கள். இப்போது டிசம்பரில் திறந்தவெளி மைதானத்தில் பெரிய நிகழ்ச்சி. பம்பாயிலிருந்து கேசட் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்.

அந்த நிகழ்ச்சிக்குத்தான் சர்க்கார் அனுமதி வரவில்லை. ஏற்பாடு செய்தவர் எங்கெங்கோ அலைந்தார். எல்லோரும் நாளைக்கு வா என்றார்களே தவிர, காரணம் சொல்லவில்லை.

சிவகுமாருக்கு அப்பா மேல் சந்தேகம். அவன் அப்பா நல்லசிவம் வேலை பார்ப்பது 'ஆபீஸில்'. லக்ஷ்மிபாய் நகர் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது. யாராவது கேட்டால் "சென்ட்ரல் கவர்ன்மென்ட்" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. அதைக் கிண்டல் செய்துதான் அந்த மூன்றாவது பாட்டே. 'எந்த ஆபீஸ்? சொல்லக்கூடாது. எந்த மாடி? கேட்கக்கூடாது.' அந்தப் பாட்டு முடிந்ததும் எழுந்து போகிற ஆளை வேறு யார் அனுப்பியிருக்க முடியும்?

ஹர்ப்ரீத்திடம் இதை வாய்விட்டுச் சொன்னது தப்பாகப் போயிற்று. அவன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டான். உன் அப்பாதான் குறுக்கே நிற்கிறார், பேசி முடித்துவிட்டு வா, இல்லாவிட்டால் மைதானத்தில் வேறு ஆள் பாடுவான் என்று ஹிந்தியில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சிவகுமார் கேட்டேவிட்டான். "அப்பா, எங்க ஷோவை நீங்கதான் நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

நல்லசிவம் நிமிராமலே ரசம் சாதத்தைப் பிசைந்தார்.

"ஏல, நான் நிறுத்தணும்னு நெனச்சிருந்தா நீங்க கரோல் பாக்கையே தாண்டியிருக்க மாட்டிய. மோர் ஊத்திக்கோ."

சிவகுமார் மோர் ஊற்றிக்கொண்டான். கரோல் பாக் என்று அவன் வீட்டில் சொன்னதே இல்லை. புசா ரோடில் நண்பன் வீட்டில் படிக்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருந்தான்.

அடுத்த காலேஜ் நிகழ்ச்சியில், மூன்றாவது பாட்டுக்குப் பிறகு கிட்டாரைக் கொஞ்சம் நீட்டி வாசி என்று ஹர்ப்ரீத்திடம் சொல்லி வைத்தான். பாட்டு முடிந்ததும் மேடையிலிருந்து குதித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். கேட்டுக்கு வெளியே அந்த ஆளைப் பிடித்துவிட்டான்.

"அங்கிள், எங்கப்பாதானே அனுப்பினார்?"

அவர் பதறவில்லை. பொட்டலத்தை நீட்டினார். "எடுத்துக்கோ. பேரு வெங்கடராமன். அதுக்கு மேல என்னைப்பத்திக் கேக்கப்படாது."

"எங்க மேல என்ன ரிப்போர்ட் குடுக்கறீங்க?"

"ரிப்போர்ட்டாவது ஒண்ணாவது." அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "திங்கட்கிழமை கார்த்தால ரூம் கதவைச் சாத்திண்டு, 'ம், சொல்லும்'பார் உங்கப்பா. நான் நின்னுண்டு மூணு பாட்டையும் ஒப்பிக்கணும். வேகம் குறைஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. அதுக்கு மேல என்னால மனப்பாடம் பண்ண முடியலை, அதான் மூணோட எழுந்துடறேன். தூக்கத்துல உளர்றேன்னு எங்காத்துல வைத்தியம் பார்க்கச் சொல்றா."

சிவகுமாருக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "ஏன், அவரே வந்து கேக்கலாமே?"

"கேமரா இருக்கற இடத்துக்கு அவர் வரப்படாது, தம்பி. உங்காத்து ஆல்பத்துல அவர் மூஞ்சி எங்கேயாவது இருக்கா?"

இல்லைதான். அத்தை கல்யாண ஆல்பத்தில்கூட ஒரு தோள்பட்டை மட்டும்தான்.

"அப்ப அந்த மைதான அனுமதி?"

"அது நேக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லப்படாது. உள்ள போ, உன்னைத் தேடறா."

அந்த வாரமே அனுமதி வந்துவிட்டது.

ஹர்ப்ரீத் சிவகுமாரைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். உன் அப்பா இருக்கும்போது நமக்கென்ன கவலை என்றான். அந்தச் சந்தோஷம் சிவகுமாருக்கு முள்ளாகக் குத்தியது. தடுத்தாரோ என்று சந்தேகப்பட்டது போய், தள்ளிவிட்டாரோ என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்தது. இந்த அனுமதி மட்டுமா? காலேஜ்கள் வரிசையாகக் கூப்பிட்டது? பம்பாய்க்காரர்கள் தேடி வருவது? எல்லாமே ஒரு டெலிபோன் பேச்சில் நடந்ததென்றால், அந்தக் கிடங்கில் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் எதற்கு? அப்பாவிடம் மறுபடி கேட்டால் மோர்தான் கிடைக்கும்.

அப்பாவிடம் போய்ச் சேருகிற வழி ஒன்றுதான். அந்த வழியிலேயே கேட்பது என்று முடிவு செய்தான்.

மைதானம் நிரம்பி வழிந்தது. கம்பிவேலியை ஒட்டி அதே ஸ்வெட்டர். மூன்றாவது பாட்டின் கடைசியில், ஒத்திகையில் இல்லாத இரண்டு வரியைச் சிவகுமார் தமிழில் வீசினான்.

'கை நீ வைக்கலைன்னா பிரவுன் ஷூ போடு!
கை வெச்சிருந்தா கறுப்போட ஓடு!'

அப்பாவை நீ என்று சொன்னது வாழ்க்கையிலேயே முதல் தடவை. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கூட்டம் கூரையில்லாத அந்த இடத்தில் கூரை பிய்த்துக்கொள்வது போல ஆர்ப்பரித்தது. வேலியோரம் மட்டும் ஒரு கை, வேர்க்கடலையோடு வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் பம்பாய்க்காரர் ஒப்பந்தம் பேசினார். திங்கட்கிழமை ஒப்பிப்பு முடியட்டும் என்று, சிவகுமார் செவ்வாய்க்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னான். ஹர்ப்ரீத் பல்லைக் கடித்தான்.

"அடுத்தவன் வாங்கிக் குடுத்த இடம்னா எனக்கு வேண்டாம்டா. நீ வேற ஆளை வெச்சுக்கோ," என்றான் சிவகுமார் ஹிந்தியில்.

செவ்வாய்க்கிழமை காலை. செய்தித்தாளை விரித்துக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்தான். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. நல்லசிவம் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஷூ ஸ்டாண்டுக்கு வந்தார். ஆபீஸுக்கு அவர் கறுப்பைத் தவிர வேறு போட்டதில்லை. பிரவுன் ஜோடி திருநெல்வேலியில் அத்தை கல்யாணத்துக்கு வாங்கியது. அடித்தட்டில் பழைய பேப்பருக்குப் பின்னால் கிடந்தது.

அவர் குனிந்தார். பேப்பரைத் தள்ளினார். தூசி தட்டிப் பிரவுனை மாட்டிக்கொண்டார்.

அம்மா சாந்தகுமாரி டிபன் டப்பாவோடு வந்தவள் பார்த்துவிட்டாள். "இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?"

"கறுப்புல ஆணி குத்துது," என்றார் நல்லசிவம். மகன் பக்கம் திரும்பவேயில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் சிவகுமார் கறுப்பு ஷூக்களை எடுத்து, உள்ளே கைவிட்டு நுனிவரை தடவிப் பார்த்தான். இரண்டிலும் ஆணி இல்லை. எங்கும் இல்லை.

ஆணி விஷயத்தில் இவ்வளவு சுளுவாகப் பொய் சொல்கிறவர், ஷூ விஷயத்தில் மட்டும் உண்மை சொல்வாரா? அந்த வேலையில் இருப்பவர், கை வைத்திருந்தாலும் பிரவுனைத்தானே போட்டுக்கொண்டு போவார்? ஒன்று மட்டும் நிச்சயம். மூன்றாவது பாட்டைக் கடைசி வரிவரை கேட்டிருக்கிறார்.

சிவகுமார் ஷூக்களை இருந்த இடத்திலேயே வைத்தான். போனை எடுத்து ஹர்ப்ரீத்தைக் கூப்பிட்டான். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் கேசட்டில் அந்த ஷூ வரிகள் இருக்க வேண்டும் என்றான்.

அப்பாவிடம் இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. திங்கட்கிழமைகளும் இருந்தன.