வேலை நடக்கிறது

ஐஸ் பெட்டியின் ஒயர் சுவரை எட்டவில்லை. பெட்டி கொண்டுவந்த ஆள் பிளக்கைக் கையில் பிடித்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். பக்கத்து அறையில், கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே ஒரு பாயின்ட் தெரிந்தது.

"யக்கா, அதப் புடுங்கிட்டு இத்த சொருவிக்கட்டா? கம்ப்யூட்டர் சும்மாதானே ஓடிகினு கீது?"

"வேணாம்," என்றாள் பேபி.

அவ்வளவு உரக்க அவள் பேசி யாரும் கேட்டதில்லை. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய், இஸ்திரி போடுவதற்காக வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி உறுமத் தொடங்கியது. கண்ணாடிக்கு அடியில் அவளுடைய அண்ணன் தட்சிணாமூர்த்தி, தாடையைச் சுற்றிக் கட்டிய துணியோடு படுத்திருந்தார். தலைமாட்டில் அண்ணி புஷ்பலதா. காலையிலிருந்து அவள் அழவுமில்லை, பேசவுமில்லை.

தட்சிணாமூர்த்தி தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் மோட்டார்மேன். டியூட்டி முடிந்து குரோம்பேட்டை வீட்டுக்கு வந்தால், அன்று பாதையில் பார்த்ததை இன்டர்நெட்டில் தன் சைட்டில் எழுதுவார். லீவு நாளில் கேமராவோடு போய் அதே இடங்களைப் படம் எடுப்பார். பல்லாவரத்தில் தண்டவாளத்தைக் கடக்கும் ஆடுகள். கிண்டியில் ஏறி எழும்பூர் வரை தூங்கும் பூக்காரி. ரயிலில் தினம் போய்வரும் பையன்கள் பலபேர் அதைப் படித்தார்கள்.

சைட்டை ஓட்டும் மென்பொருளுக்குப் புது வெர்ஷன் வந்தால் அவருக்கு அன்றைக்கே போட்டாக வேண்டும். ஒருமுறை தள்ளிப்போட்டதில் எவனோ உள்ளே புகுந்து ஆண்மை மாத்திரை விளம்பரத்தை ஏற்றிவிட்டான். "இன்னா வைத்தியரே, மருந்து இருக்கா?" என்று சக டிரைவர்கள் மாதக்கணக்கில் ஓட்டினார்கள். அதிலிருந்து இந்த அவசரம்.

ஆனால் தனியாகச் செய்யமாட்டார். கூட்ஸ் வண்டியில் உதவி டிரைவராக இருந்த காலத்துப் பழக்கம். அங்கே சிக்னலைப் பார்த்ததும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். புதியதை ஏற்றுவதற்கு முன் பழைய கோப்புகளை அழிக்கும்போது பேபியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். திரையில் வரும் ஆங்கிலப் பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். "அட்மின்," என்பாள். "அட்மின், போகலாம்," என்று சொல்லி அவர் அழிப்பார். "கன்டென்ட்," என்பாள். "கன்டென்ட், நில்," என்று சொல்லி, படங்கள் இருக்கும் அதைத் தாண்டிப் போவார்.

"அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் வேற வேலையே இல்ல," என்று சமையலறையில் புஷ்பலதா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். அந்த அறைக்குள் அவள் பெருக்கக்கூட வருவதில்லை.

இன்று காலை அவர் கூப்பிட்டபோது பேபி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "இதோ வரேன்ணா," என்றாள். வாளியோடு இறங்கி வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கை மவுஸின் மேலேயே இருந்தது. திரையில் எதுவும் அழிக்கப்படவில்லை.

மகன் பிரேம் புனேயிலிருந்து வந்து, பெட்டியின் மேல் தலையைச் சாய்த்து அழுது முடித்து, முகம் கழுவி வந்ததும் யேசுதாசன் அவனை ஓரமாகக் கூட்டிப்போனார். தட்சிணாமூர்த்தியோடு வேலை பார்ப்பவர் அவர்.

"தம்பி, பசங்க போன் மேல போன் போடறானுங்கப்பா. ஆர்குட்ல சேதி போட்டானுங்களாம். சைட்ட தெறந்தா 'வேலை நடக்கிறது, கொஞ்ச நேரத்தில் வருகிறேன்'னு உங்கப்பா எழுதி வச்சது வருதாம். பேஜாரா கீது. எதனா பண்ணு."

பிரேம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். "ஒண்ணுமில்ல மாமா. அப்டேட் பாதியில நிக்குது. பழசு எல்லாத்தையும் டெலிட் அடிச்சிட்டுப் புதுசை ஏத்திட்டா சரியாயிடும்."

பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபி ஃபிளாஸ்க்கோடு பேபி வாசற்படியில் நின்றாள். திரையில் மேலிருந்து கீழ்வரை எல்லாப் பெயர்களும் நீலமாயின.

"பிரேம், அதுல ஒண்ணைத் தொடக்கூடாதுப்பா."

"அத்தை, ப்ளீஸ். எனக்குத் தலை வெடிக்குது. இது என்னன்னு உங்களுக்குத் தெரியாது."

"படமெல்லாம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல. போன வருஷம் ஹார்டு டிஸ்க் போச்சே."

அவன் திரும்பினான். "ஹார்டு டிஸ்க் போச்சா? அப்பா எங்கிட்ட சொல்லலியே."

பேபி ஃபிளாஸ்க்கைக் கை மாற்றிப் பிடித்தாள். "அழிக்கும்போது ஒவ்வொரு பேரா நான்தான் படிப்பேன்," என்றாள்.

பிரேம் எங்கோ ஓரிடத்தில் கிளிக் செய்ய, நீலம் போயிற்று. "சரி, படிங்க."

"அட்மின்."

அவன் அழிக்கப் போனான்.

"நீ திருப்பிச் சொல்லணும். அட்மின், போகலாம்னு."

யேசுதாசன் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனார்.

"அட்மின், போகலாம்," என்றான் பிரேம்.

"கன்டென்ட்."

அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பேபியைப் பார்த்தான். சொல்வது எப்போதும் அண்ணன்தான். அவள் சொன்னதே இல்லை.

"கன்டென்ட், நில்."

குரல் கூடத்திலிருந்து வந்தது. புஷ்பலதா திரும்பவில்லை. பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிரேம் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். பேபிதான் ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு வந்து, மவுஸைப் பிடித்துத் தொடர்ந்தாள். இன்க்ளூட்ஸ், போகலாம். கான்ஃபிக், நில். ஒவ்வொன்றுக்கும் பதில் கூடத்திலிருந்தே வந்தது. மாலை போட வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள்.

புதிய கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போதே சுடுகாட்டு வண்டி வந்துவிட்டது. "எல்லாம் ஏறினதும் முன்னாடி இருக்கிற இந்த 'வேலை நடக்கிறது' ஃபைலை மட்டும் அழிச்சிடுங்க அத்தை. போர்டை எடுக்கிற மாதிரி. சைட் தெறந்துடும்," என்று சொல்லிவிட்டு பிரேம் சட்டையைக் கழற்றினான். கொள்ளிச் சட்டியை அவன் கையில் கொடுத்தார்கள்.

ஆண்கள் போனபின் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பேபி குளித்துவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஏற வேண்டியதெல்லாம் ஏறியிருந்தது.

பின்னால் ஈரக்கால் சத்தம் கேட்டது. தலைக்கு ஊற்றிக்கொண்ட புஷ்பலதா அறைக்குள் வந்து நின்றாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி. இந்தப் போர்டு ஒண்ணுதான் பாக்கி."

புஷ்பலதா குனிந்து, திரையில் அவர் எழுதி வைத்திருந்ததை வாசித்தாள். இரண்டு வரிதான். வாசித்து முடித்தும் நிமிரவில்லை.

"படி," என்றாள்.

பேபி கோப்பின் மேல் கிளிக் செய்து, அழிக்கும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள்.

"இன்டெக்ஸ்."

ஸ்டேஷனில் ஒரு ரயில் நின்று, கிளம்பிப் போயிற்று. புஷ்பலதாவின் கூந்தலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. விரலை எடுக்காமல், அண்ணி திருப்பிச் சொல்வதற்காகப் பேபி காத்திருந்தாள்.