நசீமாவின் வலது கால்

இராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் நாற்காலி முதலாளிக்கு மட்டும்தான். பேண்டேஜ் துணி சுருட்டும் பெண்கள் பதினெட்டுப் பேரும் காலையில் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டால் சாப்பாட்டு மணிக்குத்தான் எழுந்திருப்போம். கால் மரத்திருக்கும். உதறினால் சரியாகிவிடும். என் பக்கத்தில் உட்காரும் நசீமாவுக்கு மட்டும் சரியாகவில்லை. செருப்பு கழன்றாலும் அவளுக்குத் தெரியாது.

எண்பத்தேழில் ஒருநாள் வாசலில் கால் தடுக்கி விழுந்தாள். தூக்கப் போனேன்.

"தொடாதிய அக்கா!"

அழுதுகொண்டே சொன்னாள். தொழுநோய்க்குக் கணக்கெடுக்க வந்தவர்கள், உடம்பில் உணர்ச்சி இல்லாத இடம் உண்டா என்று கேட்டார்களாம். இல்லை என்று பொய் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு மாதமாகத் தனித் தட்டு, தனிப் பாய். நாலு வயது மகள் அசீனா கிட்டே வந்தால் விரட்டியிருக்கிறாள். புருஷன் ஹமீதிடம்கூடக் காரணத்தைச் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏட்டி, எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா பக்கத்துல உக்காருவியளா?"

செத்த நேரம் யோசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிறகு அவள் கையைப் பிடித்து பஸ் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே பேண்டேஜ் இறுக்கிக் கட்டியிருந்தது. கால் உளைந்தால் கழிவுத் துணியை எடுத்து அப்படிக் கட்டுவது எங்கள் கம்பெனிப் பழக்கம். அவளுக்குக் கட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

பாதத்தில் பஞ்சால் வருடினார், குண்டூசியால் தொட்டார், தேமல் உண்டா என்று உடம்பெல்லாம் பார்த்தார்.

"முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு போகுதும்மா. சம்மணம் போட்டு அதை நசுக்குனது போதாதுன்னு கட்டு வேற. முதல்ல இதை அவுருங்க. கொஞ்ச நாளைக்கு முக்காலியில உக்காருங்க. அரை மணிக்கு ஒருதடவை எந்திரிச்சு நடங்க. கொஞ்சங் கொஞ்சமா சரியாகிரும்."

"அப்ப அது இல்லையா சார்?"

அவளுக்கு அந்தப் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

"இல்லம்மா. அது இல்லவே இல்ல."

பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்தாள், அழுதாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"அசீனா, வாம்மா."

பிள்ளை கதவோரமே நின்றது.

"வரமாட்டேன். கிட்ட வந்தா அடிப்ப."

கால் இரண்டு மாதத்தில் குணமானது. அசீனா பயமில்லாமல் மடியில் ஏற அதைவிட நாள் பிடித்தது.